டாஷ்போர்டு 100% காட்டினால் ஆடிட்டர் கேட்டது முடிந்துவிடுமா?

பெருங்குடியில் ஒரு என்.பி.எஃப்.சி.யின் (வங்கியல்லாத நிதி நிறுவனத்தின்) பிளாட்ஃபார்ம் டீமில் இருக்கும் நண்பர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: அவர்களுடைய மெசேஜிங் முழுவதும், அதாவது ஒரு அப்ளிகேஷன் இன்னொன்றுக்கு க்யூ எனும் வரிசை வழியாகச் செய்தி அனுப்புவது, மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஸூரின் சர்வீஸ் பஸ்ஸில் ஓடுகிறது. "இதற்குத் தானியங்கிக் கட்டுப்பாடு இருக்கிறதா?" என்று ஆடிட்டர் கேட்டிருக்கிறார். இவர்கள் அஸூர் பாலிசியை (செட்டிங்குகள் விதிப்படி இருக்கின்றனவா என்று தானாகப் பார்க்கும் கருவி) இயக்கி, ரிசர்வ் வங்கி பெயரில் கிடைக்கும் பாலிசித் தொகுப்பையும் போட்டார்கள். டாஷ்போர்டில் இணக்கச் சதவீதம் எண்பதுகளில் நிற்கிறது. எல்லா பாலிசியையும் டினைக்கு (விதி மீறலைத் தடுத்துவிடும் நிலைக்கு) மாற்றி 100% கொண்டுவா என்கிறார் மேலாளர். அது சரியா, அடுத்த காலாண்டில் சில வேலைகள் அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்குப் போகும்போது அங்கேயும் இதே வழி நடக்குமா என்பது கேள்வி. டினை போடலாமா என்பதற்கு முன்னால் தீர வேண்டியது ஒன்று உண்டு: அந்தச் சதவீதம் எதை அளக்கிறது? மேலாளருக்கும் ஆடிட்டருக்கும் அதில் ஒரே புரிதல் இருக்கிறதா? அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் வக்கீல் இல்லை. சென்னையில் நிதி நிறுவனங்களுக்குக் கிளவுட் வேலை செய்து, ஆடிட் கூட்டங்களில் பதில் சொல்லும் பக்கம் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறவன். சட்ட விளக்கம் தேவைப்படும் இடங்களை உங்கள் கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் கொண்டுபோங்கள்.

அஸூர் பாலிசி பார்ப்பது ரிசோர்ஸின் (கிளவுடில் உருவாக்கிய ஒவ்வொன்றின்) செட்டிங்கை மட்டும். நேம்ஸ்பேஸ் (க்யூக்களை அடக்கிய தொகுப்பு) எந்த ரீஜனில் (டேட்டா சென்டர் இருக்கும் பகுதி) இருக்கிறது, குறைந்தபட்ச டி.எல்.எஸ். (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) பதிப்பு என்ன, பொது நெட்வொர்க் திறந்திருக்கிறதா, டயக்னாஸ்டிக் லாக் எங்காவது போகிறதா, இவ்வளவுதான். கட்டடம் கட்ட சென்னையில் சி.எம்.டி.ஏ. கொடுக்கும் பிளான் அப்ரூவல் போல நினைத்துக்கொள்ளுங்கள்: செட்பேக் எவ்வளவு, பார்க்கிங் எங்கே என்று பார்ப்பார்கள், குடிவந்தவர் உள்ளே என்ன அடுக்கி வைத்திருக்கிறார் என்பது அந்தக் கோப்பில் வராது. க்யூவுக்குள் போகும் மெசேஜில் பான் எண் அப்படியே போகிறதா என்பது பாலிசிக்குத் தெரியவே தெரியாது.

சதவீதம் வரும் கணக்கையும் பாருங்கள். இணக்கமாக இருப்பவை, விலக்கு பெற்றவை, நிலை தெரியாதவை மூன்றையும் கூட்டி, மொத்தத்தால் வகுத்துத்தான் அந்த எண் வருகிறது. அதாவது விலக்கு கொடுத்த ரிசோர்ஸும் நல்ல பக்கத்தில் எண்ணப்படும். எதையும் திருத்தாமல், இணங்காத ஒவ்வொன்றுக்கும் விலக்கு எழுதிக்கொண்டே போனால் 100% வந்துவிடும்! கொஞ்சம் விவரமான ஆடிட்டர் எண்ணைப் பார்த்ததும் விலக்குப் பட்டியலைத்தான் கேட்பார். முழு மதிப்பீடு வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். காலையில் திருத்திவிட்டு மதியக் கூட்டத்தில் டாஷ்போர்டைத் திறந்தால் பழைய நிலையே தெரியலாம். கூட்டத்துக்கு முன் கைமுறையாக ஒரு ஸ்கேன் ஓட்டிவிடுங்கள்.

நீங்கள் போட்ட ரிசர்வ் வங்கித் தொகுப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் பெயரிலேயே இருப்பது என்.பி.எஃப்.சி.களுக்கான ஐ.டி. ஃபிரேம்வொர்க். அது 2017ல் வந்தது. அதற்குப் பிறகு 2023 நவம்பர் 7ஆம் தேதி ஐ.டி. ஆளுகை, இடர், கட்டுப்பாடுகள் பற்றிய மாஸ்டர் டைரக்ஷன் வெளியாகி, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி என்.பி.எஃப்.சி.களைப் பிரித்திருக்கும் லேயர்களில் (அடுக்குகளில்) அது டாப், அப்பர், மிடில் லேயர் நிறுவனங்களுக்குப் பொருந்தும். பேஸ் லேயருக்கு இல்லை. அதே 2023 ஏப்ரலில் ஐ.டி. சேவைகளை வெளியில் ஒப்படைப்பது பற்றித் தனி டைரக்ஷனும் வந்தது. கிளவுட் அதற்குள் வருகிறது. ஆகவே உங்கள் நிறுவனம் எந்த லேயர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: இந்தத் தொகுப்புகளில் 'இணக்கம்' என்பது அந்த பாலிசிகளுக்கு மட்டும் இணக்கம், ஒரு விதியின் எல்லாத் தேவைகளும் நிறைவேறின என்று பொருள் கொள்ளக்கூடாது. இதை மேலாளருக்கு எழுத்தில் அனுப்பி வைத்துவிடுங்கள். பின்னால் உதவும்.

சரி, டினை. அது புதிதாக உருவாக்குவதையும் இருப்பதை மாற்றுவதையும் தடுக்கும். ஏற்கனவே இருக்கும் தவறான நேம்ஸ்பேஸைத் தொடாது, வெறுமனே இணங்கவில்லை என்று காட்டும். அதனால் 'எல்லாவற்றையும் டினை ஆக்கினால் 100% வரும்' என்பது அடிப்படையிலேயே தவறு. போதாததற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: பழைய நேம்ஸ்பேஸில் சம்பந்தமே இல்லாத ஒன்றை, உதாரணமாக மெசேஜிங் யூனிட்டை (கொள்ளளவை), டெம்ப்ளேட் வழியாக மாற்றப்போனாலும் டினை குறுக்கே வரலாம். சம்பளத் தேதியில் இ.எம்.ஐ. வசூல் மெசேஜ்கள் குவியும்போது, ஸ்கேல் பண்ணப் போன ஆளுக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

டினை வைக்கத் தகுந்தவை, என் கணக்கில், மிகச் சில. ரீஜன் கட்டுப்பாடு முதலாவது. இந்தியாவில் சென்னையில் இருக்கும் சவுத் இந்தியா, புனேயின் சென்ட்ரல் இந்தியா என்று நீங்கள் பயன்படுத்துவதை மட்டும் அனுமதித்து மற்றதை மூடிவிடலாம். டிஜிட்டல் கடன் தொடர்பான ரிசர்வ் வங்கி விதிகள், 2022ல் வந்தவையும் சரி, 2025ல் வந்தவையும் சரி, தரவு இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்கின்றன. கட்டணத் தரவுக்கு 2018 ஏப்ரல் 6 சுற்றறிக்கை தனியாக இருக்கிறது. பேரிடர் மீட்புக்கான இரண்டாவது நேம்ஸ்பேஸும் இதே பாலிசிக்குள் வந்துவிடும் என்பதால் அதற்கென்று தனியாக எழுத வேண்டாம். அடுத்தது டி.எல்.எஸ். 1.2க்குக் கீழே போகக்கூடாது என்பது. பிரைவேட் எண்ட்பாயின்ட் (பொது இணையத்தைத் தொடாத தனி இணைப்பு) விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். சர்வீஸ் பஸ்ஸில் அது பிரீமியம் அடுக்கில்தான் கிடைக்கும். ஸ்டாண்டர்டில் ஓடுகிறவர்களுக்கு அது முதலில் பட்ஜெட் கேள்வி, அப்புறம்தான் பாலிசிக் கேள்வி. எதை டினை ஆக்கினாலும் முதலில் தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும் ஆடிட் நிலையில் விட்டு யார் யார் அடிபடுவார்கள் என்று பாருங்கள், பிறகு டெவலப்மென்ட்டுக்கான சந்தாவில் (அஸூர் கணக்குப் பிரிவு) டினை, கடைசியாகத்தான் ப்ரொடக்ஷன்.

இந்த மொத்த விஷயத்திலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கீயை, அதாவது நேம்ஸ்பேஸுக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவியை, கவனியுங்கள். ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் பிறக்கும்போதே 'ரூட் மேனேஜ் ஷேர்டு ஆக்சஸ் கீ' என்ற விதியோடு பிறக்கிறது. அதன் கீ கையில் இருந்தால் எல்லா க்யூவிலும் அனுப்பலாம், எடுக்கலாம், க்யூவையே அழிக்கலாம். டெவலப்பருக்கு அவசரம் என்றால் போர்ட்டலைத் திறந்து, முதலில் கண்ணில் படும் கனெக்ஷன் ஸ்டிரிங்கை, அதாவது முகவரியும் கீயும் சேர்ந்த வரியை, காப்பி எடுப்பார். அது இதுவாகத்தான் இருக்கும். பிறகு அது கான்ஃபிக் ஃபைலில், டீமின் வாட்ஸப் குழுவில், வேலையை விட்டுப்போன ஒப்பந்த ஊழியரின் லேப்டாப்பில் என்று பரவும். யார் பயன்படுத்தினார் என்று கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் கீக்கு முகம் கிடையாது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: ரிசோர்ஸ் குரூப்பில் கான்ட்ரிபியூட்டர் ரோல் இருக்கும் எவரும் இந்தக் கீயைப் படித்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்புநர், பெறுநர் என்று அழகாக ரோல் பிரித்து வைத்திருப்பதெல்லாம் அந்த ஒரு அனுமதியில் கரைந்துவிடும்.

இதற்குத் தீர்வு லோக்கல் அத்தென்டிகேஷனை முடக்குவது. அதாவது கீ வழியே செல்லாது, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா (வருவது யார் என்று சரிபார்க்கும் சேவை) அடையாளம் வழியாக மட்டுமே நுழைய முடியும். இதற்கு ஆயத்த பாலிசி உண்டு. ஆடிட், டினை போக, தானே மாற்றிவிடும் மாடிஃபை வகையும் உண்டு. அந்த மாடிஃபையைத்தான் யோசிக்காமல் இயக்கிவிடாதீர்கள். கீயை நம்பி ஓடும் எல்லா அப்ளிகேஷனும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். முதலில் யார் கீயில் வருகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரீமியத்தில் ரன்டைம் ஆடிட் லாக் கிடைக்கிறது. எந்த வகை அத்தென்டிகேஷன், எந்த அடையாளம் என்று அதில் வரும், அதனால் வேலை சுலபம். ஸ்டாண்டர்டில் அந்த லாக் இல்லை. அங்கே நான் செய்யச் சொல்வது: ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் அதன் க்யூ அல்லது டாபிக் அளவில் தனி விதி போட்டு, ஒவ்வொன்றாக அங்கே நகர்த்துங்கள், சத்தமில்லாமல் ரூட் கீயில் ஓடுகிறவர் யாரும் மிச்சமில்லை என்று ஓரளவு தெரிந்ததும், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு ராத்திரியில் ரூட் கீயைப் புதுப்பியுங்கள். உடைவது எது என்று உடனே தெரிந்துவிடும். அதன்பிறகு அப்ளிகேஷன்களை மேனேஜ்டு ஐடென்டிட்டிக்கு (அஸூரே பராமரிக்கும், கீ தேவையில்லாத அடையாளம்) கொண்டுபோகலாம். மெசேஜ் வந்ததும் கோடை ஓட்டும் அஸூர் ஃபங்ஷன்ஸ் ட்ரிக்கர்களுக்குக் கூட கனெக்ஷன் ஸ்டிரிங் இல்லாமல் ஐடென்டிட்டி வழியாக இணைப்பு கொடுக்க முடியும். மெதுவான வேலைதான். ஆனால் டாஷ்போர்டில் பச்சையாகும் மற்ற பத்து வரிகளைவிட இந்த ஒரு வரி உங்கள் ஆபத்தை அதிகம் குறைக்கும் என்பது என் அழுத்தமான கருத்து.

கீயை மூடுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பாலிசியின் டினை வேலை செய்வது அஸூரின் நிர்வாக வாசலான ரிசோர்ஸ் மேனேஜர் வழியாக வரும் கோரிக்கைகளில்தான். மேனேஜ் உரிமை உள்ள கீயோடு, எஸ்.டி.கே.யின் (டெவலப்பருக்கான ஆயத்தக் கோடு நூலகம்) நிர்வாக கிளையன்ட் மூலம் நேம்ஸ்பேஸ் முகவரிக்கே நேராகப் போய் க்யூ உருவாக்கலாம். அந்தப் பாதையில் டினை நிற்பதில்லை. அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போது 'க்யூ இல்லையென்றால் உருவாக்கு' என்று எழுதிய கோடு நம் ஊரில் ஏராளம். கீயை மூடினாலும், சர்வீஸ் பஸ் டேட்டா ஓனர் ரோல் கையில் இருந்தால் இதே பாதை திறந்தே இருக்கும். எனவே அப்ளிகேஷனுக்கு சென்டர் அல்லது ரிசீவர் ரோல் மட்டும் கொடுங்கள். க்யூ உருவாக்குவது தானாக டெப்ளாய் செய்யும் பைப்லைனின் வேலையாக இருக்கட்டும்.

வெளி வெண்டர் ஒருவர் 'எங்களுக்குக் கனெக்ஷன் ஸ்டிரிங்தான் வேண்டும்' என்பார். கட்டாயம் ஒருவராவது சொல்வார். அப்போது விலக்கு தேவைப்படும், அதில் தவறில்லை. விலக்கில் இரண்டு வகை: வேறு வழியில் ஆபத்தைக் குறைத்துவிட்டோம் என்பது ஒன்று, தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. இரண்டிலும் காலாவதித் தேதி போடும் வசதி உண்டு; தேதி தாண்டினால் விலக்குப் பதிவு அழியாது, ஆனால் செல்லாது. தேதி இல்லாத விலக்கை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அந்த வெண்டரை மட்டும் தனி நேம்ஸ்பேஸில் ஒதுக்கி, விலக்கையும் அதற்கு மட்டும் கொடுத்துவிட்டால் ஆடிட்டரிடம் விளக்குவதும் எளிது. பாலிசியை ரிசோர்ஸ் குரூப்பில் ஒட்டாமல், சந்தாக்களுக்கு மேலே இருக்கும் மேனேஜ்மென்ட் குரூப்பில் ஒட்டுங்கள். விலக்கு கொடுக்க, அங்கே ஒட்டிய அந்த அசைன்மென்ட் மீதும் அனுமதி வேண்டும் என்பதால், சந்தாவின் ஓனர் தனக்குத் தானே விலக்கு எழுதிக்கொள்ள முடியாது.

பாலிசியின் கண்ணில் படாத பகுதிக்கு வருகிறேன். டெட் லெட்டர் க்யூ, அதாவது கையாள முடியாத மெசேஜ்கள் ஒதுங்கும் இடம். சாதாரண க்யூவில் மெசேஜுக்கு ஆயுட்காலம் வைத்திருப்பீர்கள். ஆனால் டெட் லெட்டரில் போய் விழுந்த மெசேஜுக்கு அந்த ஆயுட்காலம் பொருந்தாது. யாராவது எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். கடன் விண்ணப்பம் ஒன்று ஏதோ ஃபீல்டு பிழையால் அங்கே விழுந்து, பெயர், செல்பேசி எண், வருமானம் எல்லாவற்றோடும் வருடக்கணக்கில் இருக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்து, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நோக்கம் முடிந்த தரவை அழிக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்துகளில் ஒன்று. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் விலக்கு. வாடிக்கையாளர் அழிக்கச் சொன்னார், டேட்டாபேஸில் அழித்தீர்கள், டெட் லெட்டரில்? என் பரிந்துரை: மெசேஜில் விண்ணப்ப எண்ணை மட்டும் அனுப்புங்கள், விவரத்தைப் பெறுகிற சர்வீஸ் டேட்டாபேஸில் போய் எடுத்துக்கொள்ளட்டும். முடியாத இடங்களில் டெட் லெட்டர் எண்ணிக்கைக்கு அலாரம், அதைக் காலி செய்ய ஒரு திட்டமிட்ட ஜாப், அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள்.

லாக் பற்றிச் சுருக்கமாக. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல் வெளியிட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும்; சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அஸூரின் ஆக்டிவிட்டி லாக் தானாக வைத்திருப்பது 90 நாள்தான். ஆகவே அதையும் நேம்ஸ்பேஸ் லாக்குகளையும் இந்திய ரீஜனில் உள்ள ஒரு லாக் அனலிட்டிக்ஸ் இடத்துக்கு அனுப்பி, அங்கே காலத்தை நீட்டுங்கள். டயக்னாஸ்டிக் செட்டிங் இல்லாத நேம்ஸ்பேஸுக்குத் தானே போட்டுவிடும் பாலிசி இருக்கிறது. அதற்கு மேனேஜ்டு ஐடென்டிட்டியும் சரியான ரோலும் தேவை. பழைய நேம்ஸ்பேஸ்களுக்கு, இருப்பதைத் திருத்தும் ரெமெடியேஷன் டாஸ்க்கைத் தனியாக ஓட்டினால்தான் போய்ச்சேரும். பாதிப் பேர் இங்கேதான் 'பாலிசி போட்டும் லாக் வரவில்லை' என்று தடுமாறுகிறார்கள்.

ஆடிட்டரிடம் எதைக் காட்டுவது? பாலிசி வரையறைகள், மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் (Git) இருக்கட்டும். யார் மாற்றம் கேட்டார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று அங்கேயே தெரியும். அதோடு, தேதியும் காரணமும் உள்ள விலக்குப் பட்டியல், டினையால் தடுக்கப்பட்ட ஒரு உண்மையான முயற்சியின் ஆக்டிவிட்டி லாக் பதிவு, இணங்காத ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு மூடப்பட்ட டிக்கெட். கட்டுப்பாடு வேலை செய்கிறது என்பதற்கு சதவீத ஸ்கிரீன்ஷாட்டைவிட இவை வலுவான சான்று. இதுவரை சொன்ன தொழில்நுட்ப நடத்தைகளை நீங்களே ஒரு சோதனை சந்தாவில் அரை நாளில் சரிபார்த்துவிடலாம். அப்படி அறுதியிட முடியாத இடங்கள் இரண்டு. இந்தச் சான்றுகளைக் குறிப்பிட்ட ஆடிட்டர் போதுமென்று ஏற்பாரா என்பது அவருடைய செக்லிஸ்டைப் பொறுத்தது. கூட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் க்யூவில் ஓடும் தவணை வசூல் மெசேஜ், 2018 சுற்றறிக்கை சொல்லும் கட்டணத் தரவுக்குள் வருமா என்பது உங்கள் நிறுவனம் அந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை இன்ஜினியர்கள் முடிவு செய்யக்கூடாது.

ஏ.டபிள்யூ.எஸ். பற்றி: எண்ணம் கூடவே வரும், விதிகள் வராது. அங்கே தடுப்பது சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி, கண்டுபிடிப்பது ஏ.டபிள்யூ.எஸ். கான்ஃபிக். ரீஜனை மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் மட்டும் பூட்டுவதை முதலாவதில் செய்யலாம். ஆனால் அது மேனேஜ்மென்ட் அக்கவுண்டைக் கட்டுப்படுத்தாது, ஆகவே அந்த அக்கவுண்டில் எந்த வேலையையும் ஓட்டாதீர்கள். அங்குள்ள க்யூ சேவையான எஸ்.க்யூ.எஸ்.ஸில் நேம்ஸ்பேஸ் கீ போன்ற பொதுச் சாவி கிடையாது, எல்லாம் ஐ.ஏ.எம். (அடையாளம், அனுமதி நிர்வாகம்) வழியாகத்தான். அங்கே பார்க்க வேண்டியது, யாரை வேண்டுமானாலும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறியோடு க்யூ பாலிசி எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பது. டெட் லெட்டர் அங்கே நேர்மாறாக நடக்கும். அதுவும் ஒரு சாதாரண க்யூதான், மெசேஜ் வைத்திருக்கும் காலம் இயல்பாக 4 நாள், அதிகபட்சம் 14 நாள். ஸ்டாண்டர்டு க்யூவில் அந்தக் கணக்கு மெசேஜ் முதன்முதலில் க்யூவில் சேர்ந்த நேரத்திலிருந்து ஓடும். மூல க்யூவில் 3 நாள் இருந்துவிட்டு, 4 நாள் வைத்த டெட் லெட்டருக்கு வந்தால் ஒரே நாளில் மறைந்துபோகும். எனவே டெட் லெட்டர் க்யூவுக்கு மூல க்யூவைவிட நீண்ட காலம் வையுங்கள், அதைச் சரிபார்க்க கான்ஃபிக்கில் ஒரு விதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.